அட்டையில் போட்ட வேகம்

கல்யாண ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் படங்களைச் சுமந்து சுமந்து ஆமையாகிவிட்ட எஸ்எஸ்டி என்னும் சேமிப்பு வட்டு ஒன்று இருந்தது. அதன் இடத்துக்கு ஆள் பார்க்க, மேஜையில் இரண்டு புது எஸ்எஸ்டிகள் வந்து இறங்கின.

“எவ்வளவு படம் கொடுத்தாலும் ஒரே சீரா பதிஞ்சுக்குவேன்,” என்றது ஒன்று.

“நான் மின்னல்! அட்டையிலேயே போட்டிருக்கு பாருங்க,” என்றது மற்றது.

பழசுக்குத் தன் முதல் நாள் ஞாபகம் வந்தது. அன்று முதலாளி பேரின்பம் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு டீயை வாயில் வைக்குமுன் திரை வந்துவிட, சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். அந்தக் கைதட்டலைக் கேட்டு எத்தனை நாளாச்சு!

“என் அட்டையிலயும் மின்னல்னுதான் போட்டிருந்துச்சு,” என்று முனகியது.

பேரின்பம் மின்னலையே எடுத்து மாட்டினார். பழசிலிருந்த படங்கள் அதற்குள் ஏறத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் மின்னலுக்கு மூச்சு வாங்கியது.

“இன்னும் எவ்வளவு இருக்குண்ணே?”

“முதல் கல்யாணத்துலயே இன்னும் தாலி கட்டல தம்பி,” என்றது பழசு.