கம்ப்யூட்டருக்கு ஒரு வண்டி பூஜை

“வண்டி எங்கம்மா?” என்று குருக்கள் கேட்டார்.

ஆட்டோவின் பின் சீட்டைக் காட்டினேன். என் வீட்டுக்காரர் கோதண்டபாணி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது.

குருக்கள் ஆட்டோவை ஒரு சுற்று சுற்றி வந்தார். “ஆட்டோ பழசா இருக்குதே?”

“ஆட்டோவுக்கு இல்லீங்க சாமி. அந்தப் பொட்டிக்கு.”

மலைமேல் வண்டி பூஜை வரிசையில் எங்களுக்கு முன்னால் பள்ளிப்பட்டிலிருந்து வந்த புது டிராக்டர். பின்னால் ஆந்திரா நம்பர் போட்ட வெள்ளைக் கார். நடுவில் நாங்கள். மானம் போக இதைவிட நல்ல இடம் திருத்தணியில் கிடைக்காது.

சர்க்கரையில் இவருடைய வலது கண் மங்கி எட்டு மாதம் ஆகிறது. வேலை போனது. அன்றிலிருந்து மனுஷர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். என்ன கேட்டாலும் ‘ஆங்’. இல்லையென்றால் ‘வேணாம்’.

குழம்பில் ஒரு கல் உப்பு கூடினாலும் என்னோடு மல்லுக்கு நிற்கிறவர், உப்பே போடாத ரசத்தைச் சத்தமில்லாமல் குடித்துவிட்டுப் போனார். நான் வேண்டுமென்றேதான் போடவில்லை. அன்றைக்குப் பயந்துவிட்டேன்.

அப்புறம்தான் டூவீலர் மெக்கானிக் பாசித் செல்போனில் இவருக்கு ஏதோ கேம் காட்டினான். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

ஐம்பத்தேழு வயதில் கேம் விளையாட கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். தெருவே சிரித்தது. என்ன கேம் என்றுகூட நான் கேட்கவில்லை. தோசை இறங்குகிறதே, அது போதும்.

பாசித் ஒரு மாதம் அலைந்தான். பெட்டி, அரக்கோணத்தில் மூடிப்போன பிரவுசிங் சென்டருடையது. மதர்போர்டு ஒரு ஆடிட்டர் கழித்துப் போட்டது. கிராபிக்ஸ் கார்டு, கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஷோபனா கொடுத்தது. அதன் ஃபேன் செத்துவிட்டதால் வேறொரு ஃபேனை வைத்துத் தறியில் ஓட்டுகிற பாவு நூலால் கட்டியிருந்தான். பவர் பட்டன் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அதில் ஒரு பழைய ஸ்கூட்டரின் செல்ஃப் ஸ்டார்ட் சுவிட்சைப் பொருத்தினான். பக்கவாட்டு மூடி கடைசிவரை கிடைக்கவே இல்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகாமல் இருந்தால் சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் இவர், மலைக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடாமல் அதைத் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

இது ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் மறுபடியும் அந்தச் சுவர்தான். இடித்துத் தள்ளலாமா என்கிற அளவுக்கு எனக்கு அந்தச் சுவர்மேல் கோபம்.

குருக்கள் நல்ல மனிதர். செல்ஃப் ஸ்டார்ட் சுவிட்சைப் பார்த்ததும் அரை மனதாக வண்டிதான் என்று ஒப்புக்கொண்டார். சந்தனம் வைத்தார். சக்கரம் எங்கே என்று தேடி, கடைசியில் பெட்டியின் முன்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார்.

தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியபோது பாசித் அலறிக்கொண்டு பாய்ந்து தன் ஹெல்மெட்டால் மதர்போர்டை மூடினான்.

கரண்டுக்குத் தேங்காய்க் கடையிலிருந்து வயர் இழுத்திருந்தோம். கற்பூரம் ஏற்றியாயிற்று.

“வண்டிய எடுங்கோ. கற்பூரம் அணையறதுக்குள்ள நகரணும்.”

இவர் ஸ்கூட்டர் சுவிட்சை அழுத்தினார். உள்ளே ஃபேன் சுற்றியது. பாவு நூல் தாங்கியது. ஆட்டோக்காரரின் சீட்டுக்கு முதுகு கொடுத்து நின்ற மானிட்டரில் வெளிச்சம் வந்தது. அப்புறம் ஒரு ரோடு வந்தது.

கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ரோடு நகரவில்லை.

பாசித் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தான். அவன் நெற்றியில் வேர்வை.

“எல்லாம் கரெக்டாதான் கீது அக்கா. ஹேங் ஆயிடுச்சா இன்னான்னு தெர்லயே.”

பின்னால் வெள்ளைக் கார் ஹாரன் அடித்தது. இவர் அசையவில்லை. கற்பூரம் பாதியாகிவிட்டது. முருகா, இன்னும் எத்தனை ரசத்துக்கு நான் உப்புப் போடாமல் இருப்பேன்?

ஆட்டோவின் படியில் ஒரு காலை வைத்து ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். திரையில் அகலமான முன்கண்ணாடி தெரிந்தது. இடது பக்கம் ஒரு படிக்கட்டு. ஓரத்துக் கண்ணாடியில் ஏறி முடித்த ஜனங்கள்.

பஸ்.

இவர் இடது காதைக் கொஞ்சம் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் பள்ளிப்பட்டு பஸ் ஓட்டிய மனுஷர். பின்னால் ஊரே ஹாரன் அடித்தாலும், கண்டக்டர் சொல்லாமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை.

கம்ப்யூட்டருக்கு ஒன்றுமில்லை. கண்டக்டர்தான் இல்லை.

ஆட்டோவின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினேன்.

“போலாம்… ரைட்!”

ரோடு நகர்ந்தது. குருக்கள் தன் இரண்டு கையாலும் பெட்டியை அழுத்த, எலுமிச்சம்பழம் நசுங்கியது. பாசித் ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

இவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்துக் கத்தினார். எட்டு மாதத்தில் முதல் திட்டு.

“படியில நிக்காதம்மே! உள்ள ஏறு!”

ஏறி உட்கார்ந்தேன்.