எண்ணெயில் ஒரு குழி

ஓசூரில் மார்கழி பிறந்துவிட்டால் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும். தணிகாசலம் தினமும் காலையில் புட்டிக்குள் ஆள்காட்டி விரலை விட்டுத் தோண்டி, முதலில் எடுத்ததை மனைவி வேதவல்லியின் உச்சந்தலையில் அப்பிவிட்டுத்தான் தன் தலைக்குத் தேய்ப்பார். "தலையணையெல்லாம் பிசுக்காவுது" என்று அவள் திட்டுவாள். மார்கழி இருபதாம் தேதி அவர் போய்ச் சேர்ந்தார். அவர் விரல் கடைசியாகத் தோண்டிய குழி எண்ணெயில் அப்படியே இருந்தது. வேதவல்லி யாரையும் புட்டியைத் தொடவிடவில்லை. சிவராத்திரி வரைக்கும் உருகாது, அதுவரைக்குமாவது இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

பொங்கல் முடிந்த மறுவாரமே மின்விசிறி போட வேண்டியதாயிற்று. தை மாதத்தில் இப்படி வெயில் அடித்ததே இல்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். குழியின் விளிம்பு பளபளத்தது.

பக்கத்து வீட்டுப் பர்வீன் பதறினாள். "ஃப்ரிட்ஜுல வெச்சிடுங்கக்கா. எத்தன வருஷமானாலும் அப்படியே இருக்கும்."

"அவருக்கு ஃப்ரிட்ஜ் தண்ணியே ஆகாதுடி. தொண்ட கட்டிக்கும்."

பர்வீன் சிரித்துவிட்டாள். உடனே துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மத்தியானம் குழி ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியது. பர்வீன் போனபிறகு வேதவல்லி அதற்குள் தன் விரலை விட்டாள். சுற்றிலும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அடியில் இன்னும் உருகாமலிருந்ததைத் தோண்டி உச்சந்தலையில் வைத்தாள். தேய்க்கவில்லை. அன்று காலைதான் உறை மாற்றிய தலையணையை எடுத்துப் போட்டு, அப்படியே படுத்துக்கொண்டாள்.