பேச முடிகிற வேகம்

"வீட்டு மொட்டை மாடியில நாப்பது சுத்து நீங்க நடந்தீங்களா, இல்ல மாடி உங்களைச் சுத்தி நடந்துச்சா?"

பயிற்சியாளர் கேட்டதும், கூடத்தில் நடந்துகொண்டிருந்த ஏழு கர்ப்பிணிகளும் சிரித்தார்கள். எட்டாவது பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

அவளுக்குப் பயிற்சியாளர் மனசுக்குள் வைத்திருந்த பெயர் மெத்தை.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறியவர்களுக்காக மருத்துவமனையின் தரைத்தளத்தில் நடக்கும் வகுப்பு அது. சாப்பிட்டு அரை மணிக்குள் நடக்க ஆரம்பிக்க வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஆறு வருடமாக, வாரத்துக்கு மூன்று நாள், பயிற்சியாளர் இதைச் சொல்லி வருகிறார். எந்தக் கர்ப்பிணிக்கும் மண்டையில் ஏறியதாக அவருக்குத் தோன்றவில்லை.

மெத்தை வீட்டில் விரலைக் குத்திப் பார்த்துச் சர்க்கரை அளவைத் தானே எழுதிவந்த நோட்டைப் புரட்டினார். வெறும் வயிற்றில் நூற்றுப் பன்னிரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நூற்று அறுபத்தெட்டு. இரண்டுமே அதிகம். போன வாரமும் கிட்டத்தட்ட இதேதான். அதற்கு முந்தின வாரமும்.

நடக்கிற உடம்பில் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இழுக்கவில்லையென்றால் நடக்கவில்லை. ஆள் பொய் சொல்வாள், அளவு சொல்லாது. இதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

கைப்பிடிக் கம்பியைப் பற்றியிருந்த அவள் விரல்களைப் பார்த்தார். பத்து நுனியிலும் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள், சல்லடை மாதிரி. குத்திக்கொள்ள மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

காலைப் பார்த்தார். செருப்பின் குதிகால் தேய்ந்து காகிதமாகியிருந்தது. அத்தனை பாரத்துக்குச் செருப்புதான் என்ன செய்யும், பாவம்.

சிவப்புப் பேனாவை எடுத்து, போன தடவை எழுதியதையே எழுதினார். 'நடப்பதில்லை. சொல்வதை நம்ப வேண்டாம்.'

மாடியில் இருக்கும் டாக்டர் அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். நடந்தும் குறையாதவர்களுக்கு இன்சுலின். நடக்காதவர்கள் இன்னும் இரண்டு வாரம் நடந்துவிட்டு வர வேண்டும். மெத்தையின் குழந்தை மாதத்துக்கு மீறிப் பெருத்திருப்பதாக ஸ்கேன் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அம்மாவின் சோம்பேறித்தனத்துக்கு வயிற்றில் இருப்பது அபராதம் கட்டுகிறது என்று பயிற்சியாளர் நினைத்துக்கொண்டார்.

"சத்தியமா நடக்கறேன் மேடம்."

"உங்க சத்தியம் உங்க ரத்தத்துல தெரியுது. டாக்டர்கிட்ட போங்க."

மெத்தை நோட்டை வாங்கிக்கொண்டு மாடிப்படியை நோக்கிப் போனாள். அந்த நடையைப் பார்க்கப் பிடிக்காமல் பயிற்சியாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பிய பக்கத்தில், அவர் நட்சத்திரம் என்று பெயர் வைத்திருந்தவள் இருந்தாள்.

நட்சத்திரத்துக்கு வெறும் வயிற்றில் எண்பத்து நாலு. சாப்பிட்ட பிறகு நூற்றெட்டு. ஒரு மாதமாக, கோடு போட்டது போல. அவளை வைத்துத்தான் பயிற்சியாளர் மற்ற எல்லாரையும் அளந்தார். அன்றும் அவளுடைய நோட்டை உயர்த்திக் காட்டினார்.

"இதுக்குப் பேர்தான் நடக்கறது. பாத்துக்கங்க."

நட்சத்திரம் தரையைப் பார்த்தாள். தன்னடக்கம் வேறு.

கால் மணி நேரத்தில் வகுப்பு முடிந்தது. வாசலில் நட்சத்திரத்தின் கணவன் காத்திருந்தான். ஒரு தோளில் பை, இன்னொரு தோளில் துண்டு, கக்கத்தில் தண்ணீர் பாட்டில். மனைவிக்குப் பின்னால் சுமை தூக்குவதற்கென்றே பிறந்தவன் என்று பயிற்சியாளர் அவனை எப்போதோ ஒதுக்கி வைத்திருந்தார்.

நோட்டை இரண்டு கையாலும் வாங்கினான்.

அவனுடைய பத்து விரல் நுனியிலும் கறுப்புப் புள்ளிகள்.

"உங்களுக்கும் சுகரா?"

"ஐயோ, எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்." வெட்கத்தோடு சிரித்தான். "இவளுக்கு ஊசியைப் பாத்தாலே மயக்கம் வந்துடும். ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு, நடக்கறதும் ஒண்ணாத்தான். யார் விரலா இருந்தா என்ன, அளவு ஒண்ணுதானே? அதான் நானே குத்திக்கறேன்."

பயிற்சியாளர் நட்சத்திரத்தின் கையைப் பிடித்து இழுத்துத் திருப்பிப் பார்த்தார்.

ஒரு புள்ளி இல்லை. ரோஜா நிறத்தில் பத்து நுனிகள்.

பொய் சொல்ல நினைக்கிறவளுக்கு நூற்றுப் பன்னிரண்டைத் தொண்ணூறு என்று எழுத எவ்வளவு நேரமாகும்? மெத்தை ஒரு நாள்கூட மாற்றி எழுதவில்லை. இது இப்போதுதான் பயிற்சியாளருக்கு உறைத்தது.

மாடிக்குப் பதினெட்டுப் படி. இரண்டிரண்டாகத் தாவினார்.

பாதியில் மெத்தை எதிரே வந்தாள். தேய்ந்த செருப்பு வழுக்கிவிடாமல், பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை கம்பியில், ஒரு கை வயிற்றில். நோட்டு அக்குளில்.

பயிற்சியாளருக்கு வழி விட்டுச் சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

"டாக்டர் கிளம்பிட்டாங்க மேடம். ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க." மூச்சு வாங்காமல், நிதானமாகத்தான் சொன்னாள். "இனிமே எண்பது சுத்து நடக்கறேன்."

பயிற்சியாளர் வாயைத் திறந்தார்.

ஒன்பது படிதான் ஏறியிருந்தார். பேச முடியவில்லை.