வராத பேக்கிங்

"பாய்! இன்னிக்கு எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்!" என்று கத்திக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தார் அனந்தராமன்.

மெஹபூப் பாஷா அப்போதுதான் டீ கிளாஸை வாயில் வைத்திருந்தார்.

"வாங்க சார். இன்னா விசயம்?"

"என்ன விஷயமா? என் மோட்டார் சைக்கிளை உம்மகிட்ட விட்டு இன்னியோட பதினெட்டு நாள் ஆச்சு ஓய்!"

பாஷாவின் பட்டறை கச்சேரி ரோட்டில். அனந்தராமன் மாட வீதியில் குடியிருந்துகொண்டு ஆயுள் இன்ஷூரன்ஸ் பிடிப்பவர். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் எந்த வீட்டில் யாருக்கு என்ன வயசு என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். கிண்டி ரேஸே கதியென்று கிடந்த ஒரு துரை, சீமைக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன பழைய வண்டிதான் அவருக்குக் கால். அது இல்லாமல் டிராமிலும் ஜட்காவிலும் இடிபட்டு மனுஷர் பாதியாக இளைத்துவிட்டார்.

இத்தனைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற சாதாரண சர்வீஸ்தான். எஞ்சின் தலையைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும். தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் செப்புத் தகட்டை மாற்ற வேண்டும். பட்டறைக்காரர்கள் அதைப் பேக்கிங் என்பார்கள். மொத்தத்தில் ஒரு நாள் வேலை.

பாஷாவோ தினம் ஒரு கதை வைத்திருந்தார். பேக்கிங் வரவேண்டிய கப்பல் வரவில்லை என்றார். கப்பலை ஜப்பான்காரன் மூழ்கடித்துவிட்டான் என்றார். வேறொரு கப்பலில் வந்து பம்பாயில் கிடக்கிறது என்றார்.

"எல்லாம் இந்த யுத்தம் சார். நா இன்னா பண்றது?"

யுத்தத்தின் மேல் பழி போடுவதில் அனந்தராமனும் சளைத்தவரில்லை. பேப்பர்காரன் மையைக் குறைத்து எழுத்தே தெரியாமல் அச்சடிப்பதற்கும், தெரு விளக்குக்கெல்லாம் முக்காடு போட்டு ஊரே மங்கிப் போனதற்கும் அவரும் யுத்தத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு தகடு வரப் பதினெட்டு நாளா? என் வண்டியில் என் ரேஷன் கூப்பன் பெட்ரோலைப் போட்டு இந்த ஆள் ஊர் சுற்றுகிறான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

"ஆத்துல அவ வேற, நடந்தா உடம்புக்கு நல்லதுங்கறா. உம்மால நான் எத்தனை பேச்சுக் கேக்கறேன் தெரியுமா? பேக்கிங் வரலை, அதானே உம்ம குறை? இந்தாரும்!"

கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

"புத்தம் புதுப் பேக்கிங். நானே போய், நானே பார்த்து வாங்கிண்டு வந்தேன். சுத்தச் செம்பு! இனிமே என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது!"

பாஷா பொட்டலத்தைப் பிரித்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். லேசாக மடக்கினார். அது படக்கென்று இரண்டாக ஒடிந்தது.

"அட்டை சார் இது. மேல செம்பு கலர் பூசிக்கீறான்."

"என்னது!"

"ஓரத்துல பிசிறு தெரீது பாருங்க. எங்க வாங்கினீங்க?"

"ஒரு பழைய சாமான் கடையில... உள்ளே ஒரே இருட்டா இருந்தது." இறங்கிய குரல் உடனே ஏறியது. "அதை விடும்! பேச்சை மாத்தாதேயும்! என் வண்டி எங்கே?"

பாஷா அவரைப் பட்டறைக்குப் பின்னால் அழைத்துப் போய்த் தார்ப்பாயை விலக்கினார். வண்டி பளபளவென்று நின்றது. ஓர் உதைதான். எஞ்சின் சமர்த்தாக ஓடியது. ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை.

அனந்தராமனுக்கு முகம் ஜிவுஜிவென்று சிவந்துவிட்டது.

"அப்போ பேக்கிங்?"

"ரெண்டாம் நாளே கெட்ச்சிருச்சு சார். அன்னிக்கே மாத்திட்டேன்."

"அடப்பாவி! அப்போ இத்தனை நாளும் என் வண்டியை நீதான் ஓட்டிண்டிருந்தியா?"

"டேங்கைத் தொறந்து பாருங்க சார். நீங்க ஊத்தின பெட்ரோலு அப்டியே கீது."

"பின்னே எதுக்கய்யா இத்தனை பொய்? இதுல உமக்கு என்ன லாபம்?"

பாஷா எஞ்சினை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"சொல்ல வாய் வரல சார். எத்தினி வருசமா நம்ம பட்டறைக்கு வர்றீங்க. மனசு நோவுமேன்னு நாளைக் கடத்திக்கினே வந்தேன். தப்புதான். வண்டி உங்களுது, எட்த்துகினு போங்க. ஆனா மொதல்ல ஒரு நல்ல டாக்டராண்ட கண்ணக் காட்டுங்க சார்."

"என் கண்ணுக்கு என்ன கேடு?"

"சர்வீசுக்கு வண்டிய ஓட்டியாந்தீங்களே, அன்னிக்கு இதே வாசல்ல சடார்னு பிரேக் புட்ச்சீங்க. ஒரு சாண்தான் பாக்கி. எனுக்கு உசுரே இல்ல. வண்டிய வுட்டு எறங்கினதும் எங்கிட்ட இன்னா கேட்டீங்க, ஞாபகம் கீதா?"

"ஏன் இல்லாமே? வண்டி வர்ற வழியில மூட்டையைப் போட்டு வெச்சிருக்கீரே, புத்தி இருக்கான்னு கேட்டேன். அதுக்கென்ன இப்போ?"

"அது மூட்டை இல்ல சார். கல்லாங்கா ஆடிக்கினு குந்தியிருந்த எம் பொண்ணு, சகினா."