நிற்கிற இடம்

கரண்ட் போன மொட்டைமாடியின் படிவாசலில், துவைத்த போர்வையோடு நிற்கிறேன். தெருவிளக்கெல்லாம் அணைந்திருக்கிறது, என் வயிறு மட்டும் எரிகிறது. கைப்பிடிச் சுவரோரம் என் வீட்டுக்காரர் மேல்வீட்டு டீச்சருக்கு வானத்தைக் காட்டுகிறார். நான் கேட்டால் கண்ணாடி வைத்த இடத்தைக்கூடக் காட்டாத விரல் அது. இரண்டு தலையும் ஒட்டித் தெரிகின்றன. பார்வைக் கோளாறோ என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நகர்ந்து பார்க்கிறேன். அங்கிருந்தும் ஒட்டித்தான் தெரிகின்றன. “அந்த மூணு நட்சத்திரமும் பக்கத்துல பக்கத்துல இருக்கற மாதிரி தெரியுதுல்ல? நெஜத்துல ஒண்ணுக்கொண்ணு ரொம்பத் தூரம். நாம நிக்கிற எடம் அப்படிக் காட்டுது” என்கிறார் அவர். டீச்சர் “அப்படியா!” என்று கிறங்குகிறாள். போர்வையை ஓங்கி உதறுகிறேன். நீர் தெறித்து இருவரும் துள்ளி விலகுகிறார்கள். “நீயும் வந்து பாரேன்” என்கிறார். “பாத்துட்டேங்க. எடம் மாறி நின்னும் பாத்துட்டேன்.”