செயலாளர் உட்பட

கேட் பாஸ் ஆப்பில் 'காலாவதியானவர்களை நீக்கு' என்ற பட்டனுக்குக் கீழே 'அனைவரையும் நீக்கு' என்று இன்னொன்று இருந்தது. நேற்று ராத்திரி என் கட்டைவிரல் அதை அழுத்திவிட்டது. விரல் கொஞ்சம் தடிமன். புத்தியும் அப்படித்தான்.

காலை ஏழு மணிக்கு எங்கள் குடியிருப்பின் பின்கேட்டுக்கு வெளியே நூற்று முப்பது பேர் நின்றார்கள். பிளம்பர், லிஃப்ட் மெக்கானிக், பால் போடுகிறவர், வீட்டு வேலை செய்யும் அக்காக்கள், ஏணியும் டப்பாவுமாக ஒரு பெயின்டர் படை. நேற்றுவரை பாஸைக் காட்டிப் பச்சை விளக்கில் உள்ளே போனவர்கள். இன்று யார் காட்டினாலும் சிவப்பு.

இந்த ஆப்பைக் கொண்டுவந்த சங்கச் செயலாளர் நான்தான். மாதம் ஒரு முறை ராஜினாமா செய்வதாக மிரட்டி, யாரும் கண்டுகொள்ளாததால் பதவியில் தொடர்பவன்.

கேட்டிலிருந்து இன்டர்காம் அலறியபோது அப்பாவுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்ட மனிதர். ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தேன். கட்டிலின் தடுப்புக் கம்பியை இறக்கியிருந்தேன்.

"ரெண்டே நிமிஷம்பா."

முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக் கொடுத்துவிட்டு, பனியனும் அரை டிராயருமாகக் கீழே ஓடினேன்.

கூட்டத்தைச் சமாதானப்படுத்தலாம் என்று கேட்டுக்கு வெளியே ஒரு காலை வைத்தேன். இன்னொரு காலும் துணைக்கு வந்தது. பின்னால் கேட் தானாகச் சாத்திக்கொண்டது.

போன் மேலே சார்ஜில் இருந்தது. முன்கேட்டுக்குச் சுற்றிப் போனாலும் அங்கேயும் போனைத்தான் கேட்பார்கள். என் வீட்டுக் கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். ஒரு சாவி உள்ளே. இன்னொன்று, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவின் பையில்.

அந்த அக்கா என் பக்கத்திலேயே, சிவப்பு விளக்கு வாங்கிக்கொண்டு நின்றார்.

"கட்டில் கம்பியை ஏத்திவிட்டுத்தானே தம்பி வந்தீங்க?"

நான் கேட் பக்கம் திரும்பினேன். அவர் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"கேட்டைத் திறப்பா!"

கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த காவலாளி திரையைத் தட்டினார். "உங்க போன்ல ஓகே வந்தாதான் சார்."

"போன் மேல இருக்குய்யா!"

"அப்ப மேல போய் ஓகே குடுத்துட்டு வாங்க சார்."

பெயின்டர் படையில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். "சார் வேலைக்குப் புதுசா? லைன்ல வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்த ஆப்பைச் செய்தவனை, அதை எனக்கு விற்றவனை, இந்தக் காவலாளியை, இவரை அனுப்பிய கம்பெனியை, ஒருவர் விடாமல் திட்டினேன். கம்பியைப் பிடித்து உலுக்கினேன். ஸ்டீல் ஆடவே இல்லை. தரமான கம்பியாகப் போடச் சொன்னதும் நான்தான்.

காவலாளியின் தலைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், என் கையெழுத்தோடு ஒரு அறிவிப்பு தொங்கியது. 'செயலாளர் உட்பட எவரையும், முகத்தைப் பார்த்து உள்ளே விடக் கூடாது. மீறினால் வேலை இல்லை.'

முதல் இரண்டு வார்த்தைகள் நானாகச் சேர்த்தவை. சங்கக் கூட்டத்தில் அதை வாசித்தபோது கைதட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

அது வெறும் மிரட்டலும் இல்லை. போன மாதம், எல்லோரும் மீசைக்காரர் என்று கூப்பிடும் காவலாளி, பாஸ் இல்லாத யாரோ ஒருவரை, ஆப் இல்லாமலே கேட்டைத் திறக்கும் கைச்சாவி போட்டு உள்ளே விட்டார். ஆபீசில் உட்கார்ந்திருந்த என் போனுக்கு ஒரே வரி வந்தது: 'அனுமதி இல்லாத நுழைவு: 1'. யாரை, எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் அப்புறம் எதற்கு விதி? மீசைக்காரரின் படத்துக்குப் பக்கத்தில் 'நீக்கு' இருந்தது. அழுத்தினேன்.

அந்த முறை விரல் சரியான இடத்தில்தான் பட்டது.

நாலாவது மாடியில் எங்கள் ஜன்னல் தெரிந்தது. திரை அசையவில்லை. தலையணை எவ்வளவு நேரம் தாங்கும்? சொன்ன இரண்டு நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது.

"மூணு வருஷமா தினம் பார்க்கிறே. என்னைத் தெரியுமா, தெரியாதா? நேரா சொல்லு!"

கத்தத்தான் நினைத்தேன். பாதியில் குரல் உடைந்து, கெஞ்சலாக வெளியே வந்தது. சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

காவலாளி என்னைப் பார்த்தார். அக்காவின் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அறிவிப்புக்குக் கீழே ஆணியில் தொங்கிய கைச்சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தார்.

அக்கா செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடத் தொடங்கினேன்.

"நல்லாத் தெரியும் சார்," முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. "மீசை அண்ணனும் முகம் தெரிஞ்சுதான் விட்டாரு."

"யாரை?" ஓடிக்கொண்டே திரும்பிக் கத்தினேன்.

எனக்கு முன்னால் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்த அக்காவைத் தாடையால் காட்டினார்.

"அவங்களைத்தான். பாஸ் முடிஞ்சிருந்துச்சு, பெரியவர் மேல தனியா இருந்தாரு. ஒன்பது தடவை கூப்பிட்டோம் சார். நீங்க போனை எடுக்கல."