கல்லில் இருந்த கொழுப்பு

"'இருந்திருக்கலாம்'னு இழுக்காதே. 'இருந்தது'ன்னு எழுது" என்றார் அவர். எலும்பும் தோலுமாக மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாலும், குரலில் ஆய்வுக்கூடத்து அதிகாரம் குறையவில்லை.

மனைவி அவருடைய வெடித்த விரல்களுக்குப் பல வருஷமாகப் போடுகிற களிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் மாதிரிக் குழாய் மூடியின் கடைசித் திருகலுக்குக் கையுறையைக் கழற்றிவிடுகிற விரல்கள். பிடி தெரிய வேண்டுமாம். சொன்னால் கேட்கிற ஆளில்லை.

மடிக்கணினியில் கட்டுரை திறந்து கிடந்தது. பக்கத்துக் கோளிலிருந்து விண்கலம் கொண்டுவந்த கல்லில் கொழுப்பின் சுவடு. அங்கே ஒரு காலத்தில் உயிர் இருந்தது என்பது அவருடைய வாதம். முடிவுரைதான் பாக்கி.

எரிமலைச் சூட்டில்கூட அது உண்டாகியிருக்கலாம் என்று அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"எரிமலைக்கு ஏது கொழுப்பு? கொழுப்பு உனக்குத்தான்."

"அவசரப்படாதீங்க."

"எனக்கு அவசரந்தான். டாக்டரைக் கேட்டுப் பாரு."

கலப்படமாக இருந்தால் என்று அவள் ஆரம்பித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. கலப்படத்தைக் கண்டுபிடிக்கத்தானே கூடவே ஒரு வெற்றுக் குழாயும் திறக்கிறோம், அதைத் திறந்தது நீதானே, அதில் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற மகள் அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மகளுக்கும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை.

"எல்லாக் கட்டுரையிலயும் அப்பா பேருக்குப் பின்னாடியே உன் பேர் வந்துச்சே, அந்தக் கோபமாம்மா? போற மனுஷன் கேக்கிறது ஒரே ஒரு வாக்கியம். அதுக்குமா கல் நெஞ்சு?"

அம்மா உள்ளே போய்த் தட்டச்சு செய்து, அவர் காதருகே குனிந்து படித்தாள்.

"அந்தக் கோளில் உயிர் இருந்தது."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தாள். கேட்டுக்கொண்டே கண்ணை மூடியவர், அப்புறம் திறக்கவில்லை.

செவிலி வந்து நாடி பார்த்து, போர்வையை முகம்வரை இழுத்துவிட்டுப் போனாள். மகள் அழுது ஓய்ந்தபின் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா ஆசைப்பட்டபடி இன்றைக்கே பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம் என்றாள்.

அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கட்டிலோரம் திறந்தபடி கிடந்த களிம்பை எடுத்து, மூடியைத் திருகி, மகளிடம் நீட்டினாள்.

"போன வாரம் இதைச் சோதிச்சுப் பார்த்தேன். கல்லுல இருந்தது இதுதான்."